நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லையாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய மேம்பாலத் திறப்பு விழாவைப் பற்றிய தங்கள் கட்டுரை 'இனி நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை' என்று முடிந்திருந்தது. பாலப் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவன் நான். கவலைப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன். ஒரு வரியில் தீர்கிற கவலைதான் என்று முன்பே சொல்லியிருக்கலாம்.

தாங்கள் அறியாததல்ல. வடிவமைப்பாளர் சொல்லும் நூறு ஆண்டு, பராமரிப்பு ஒழுங்காக நடக்கும் என்ற நிபந்தனையோடு வருவது. அதற்குள் உத்திரங்களுக்கு அடியில் பாரம் தாங்கும் ரப்பர் பேரிங்குகளையும், வெயிலுக்கும் குளிருக்கும் சாலைத்தளம் விரிந்து சுருங்க இடம்விடும் விரிவு இணைப்புகளையும் ஒருமுறைக்கு மேல் மாற்றியாக வேண்டும். அந்தச் செலவு எந்தத் திறப்பு விழா உரையிலும் வராது.

என் பொறுப்பிலிருந்த ஒரு பாலத்தில் வடிகுழாயின் வாயை மண்ணும் பிளாஸ்டிக் உறைகளும் அடைத்துக்கொண்டன. தேங்கிய மழைநீர், கிழிந்த விரிவு இணைப்பு வழியாகத் தூணின் தலையில் இறங்கியது. முதலில் பழுப்புக் கறை, பிறகு மயிரிழை விரிசல். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்தால், அந்தத் துருவுக்கு இரும்பைவிடப் பலமடங்கு இடம் வேண்டும். கான்கிரீட்டைப் பிளந்துதான் அதை எடுத்துக்கொள்ளும். கறை தெரிந்தபோதே மதிப்பீடு அனுப்பினேன். 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்று திரும்பி வந்தது. கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்த பிறகு, தூணையே பலப்படுத்த டெண்டர் விடுவதற்கு எங்கிருந்தோ நிதி வந்தது! தொடக்கத்திலேயே வடிகுழாய் அடைப்பை எடுத்திருந்தால், இரண்டு ஆட்கள் ஒரு மண்வெட்டியோடு அரைநாளில் முடித்திருக்கக்கூடிய வேலை. படமெடுக்கப் பத்திரிகைக்காரர்களும் அப்போதுதான் வந்தார்கள்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2022 ஜனவரியில் ஃபெர்ன் ஹாலோ பாலம் விழுந்ததே, அங்கும் கதை அடைபட்ட வடிகால்தான். பழுதுபார்க்கச் சொல்லி ஆய்வறிக்கைகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. செய்தவர் இல்லை. உள்கட்டமைப்பைப் பற்றிப் பேச அதிபரே அந்நகருக்கு வரவிருந்த நாளில் பாலம் முந்திக்கொண்டது. ஜப்பானில் 1977-இல் திறந்த சசாகோ சுரங்கப்பாதையின் கூரைப் பலகைகள் 2012-இல் விழுந்து ஒன்பது பேர் இறந்த பிறகுதான், பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அருகே போய்க் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று 2014-இல் விதி வந்தது. நம் பத்திரிகைகளுக்கும் பாலம் விழுந்தால்தான் செய்தி. தாங்கு பீடத்தில் மண்ணகற்றி, பேரிங்கைத் துடைத்து, நட்டு போல்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் தொழிலாளியின் படத்தை எந்தப் பக்கத்திலும் நான் கண்டதில்லை.

வரைபடங்களின் கதை வேறு. கட்டியது கட்டியபடி வரைந்து கொடுத்தாரா என்று ஒப்பந்தக்காரரை யாரும் கேட்பதில்லை. கம்பி எங்கே ஓடுகிறதென்று தெரியாமல் துளை போட்டுப் பார்த்திருக்கிறோம். ஒப்பந்தக்காரரே தம் செலவில் பழுதைச் சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் ஒருமுறை அடியில் இறங்கிப் பாருங்கள் என்று மேலதிகாரிகளிடம் மன்றாடினால், 'நன்றாகத்தானே இருக்கிறது' என்பார்கள், பாலத்தின் மேல் காரில் போய்க்கொண்டே.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த திறப்பு விழாவுக்குப் போகும் நிருபரிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? முதல் முழு ஆய்வு எந்த ஆண்டு? பதில் வராவிட்டால் 'பதிலில்லை' என்றே அச்சிடுங்கள். ரிப்பன் வெட்டும் படத்தைச் சற்றே சுருக்கினால் அதற்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலப் பராமரிப்புப் பொறியாளர்