‘கேம்’ என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள்

வன்னியின் கல்வி வலயங்களுக்குப் பொறுப்பான பணிப்பாளர்களுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற தவணையில் தரம் 10 மாணவர்கள் இருவருக்கிடையே நடந்த அடிபிடியும், ஒரு பிள்ளைக்குத் தலையில் தையல் போட்டதும், பிறகு பெற்றோர் கூட்டத்தில் வாசித்த அறிவித்தலும் உங்களுக்குத் தெரிந்தவை. அந்த அறிவித்தலில் காரணம் ஒரே வரியில் முடிந்துவிட்டது: துப்பாக்கிச் சூட்டுக் கேம். தீர்வுகள் இரண்டு. போன்களைப் பறித்துத் தவணை முடியும்வரை அலுமாரியில் பூட்டுவது, அடித்த பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் கொடுப்பது.

பாடசாலைகளில் கணினிப் பாடத்தோடும் உளவளத்துணையோடும் வேலை செய்கிற நாங்கள் கேட்பது ஒன்றுதான். உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு வாரத்தில் குறைந்தது எட்டுப் பாடவேளைகளை நேரசூசியிலேயே ஒதுக்குங்கள். கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறையைக் கொடுங்கள்.

கேம் பிள்ளையை அடிதடிக்காரனாக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாக இதைத்தான் கேட்கிறார்கள். ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் அளந்தது வன்முறையை அல்ல. கேம் விளையாடி முடித்தவர் எதிராளியின் காதில் எவ்வளவு நேரம் இரைச்சலை ஒலிக்கவிடுகிறார், உறைப்புப் பிடிக்காதவருக்கு எவ்வளவு உறைப்புச் சோஸ் ஊற்றிக் கொடுக்கிறார் என்பதையே அளந்தார்கள். பிள்ளைகளைக் காலப்போக்கில் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளை 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அடிபிடி போன்ற நடத்தையோடு ஒரு சிறிய தொடர்பு தெரிந்தது. 2019இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியாவின் 14, 15 வயதினர் ஏறத்தாழ 1,000 பேரை ஆராய்ந்தார்கள். பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள் என்பதைப் பெற்றோரிடமே கேட்டும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தியது. சத்தம் போடுதல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, வன்முறைக் குற்றத்துக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. யப்பானிலும் தென்கொரியாவிலும் கேம் விளையாடாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொலை விகிதம் உலகிலேயே மிகக் குறைந்த நாடுகளில் அவையும் அடங்கும்.

ஆகவே கேமுக்கும் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பந்தம் இருக்கும் இடம் திரையிலுள்ள துப்பாக்கி அல்ல என்கிறோம்.

பிள்ளைகள் போனில் விளையாடும் துப்பாக்கிச் சூட்டுக் கேம்களில், பிரீ பயரில் ஓர் ஆட்டத்துக்கு 50 பேர், ஏறத்தாழப் பத்து நிமிடம். பப்ஜியில் 100 பேர், அரை மணித்தியாலம் வரை போகும். இடையில் நிறுத்திவைக்க வழியில்லை. பாதியில் விட்டால் ரேங்க் இறங்கும், கூட விளையாடும் மற்ற மூவரும் ஏசுவார்கள். அந்த நேரம் பார்த்துத் தாய் போனைப் பறித்தால் பிள்ளை கத்துகிறான், கதவை உதைக்கிறான். ‘இந்த ஆட்டத்தோடு சரி’ என்று ஆட்டம் தொடங்கமுன் சொல்லி, முடிந்ததும் வாங்கினால் இந்தச் சண்டையில் பாதி குறையும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது நித்திரை. நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லுபடியாகும் இரவு டேட்டாவை வீணாக்கக் கூடாதென்று பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு எழும்பி விளையாடுகிறார்கள். மூன்று மணித்தியால நித்திரையோடு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வகுப்பில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் யாராவது தட்டினாலே போதும்.

பணமும், விளையாடும்போது ஒருவரோடொருவர் கதைக்கும் மைக்கும் இருக்கின்றன. ரேங்க் கூடிய ஐடியை, அதாவது கேம் கணக்கை, விற்கிறார்கள், வாங்கியவனுக்குக் கடவுச்சொல்லை மாற்றி ஏமாற்றுகிறார்கள், கேமுக்குள் செலவழிக்கும் டயமண்டுக்கென்று வாங்கிய ரீலோட் காசு கடனாக நிற்கிறது. இரவு மைக்கில் ஒருவன் மற்றவனின் தாயைப் பற்றிச் சொன்ன சொல் காலையில் பாடசாலை வாசலில் கைகலப்பாகிறது. கேம் சம்பந்தப்பட்ட அடிபிடிகளில் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பவை இவைதான். இவை ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் தோண்டிப் பார்க்க ஒருவருக்கு நேரம் வேண்டும்.

அந்த நேரம் எப்படிப் போகிறது என்பதைத் தயவுசெய்து ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். உளவளத்துணை ஆசிரியருக்கு முழுநேரக் கற்பித்தலும் இருக்கிறது. மிச்சமிருக்கும் பாடவேளையில், அன்று வராத ஆசிரியரின் வகுப்புக்கு முதலில் அனுப்பப்படுபவரும் அவர்தான். பிள்ளையை ஆசிரியர் ஓய்வறையின் மூலையில் இருத்திக் கதைக்க வேண்டும். பக்கத்து மேசையில் அந்தப் பிள்ளையைப் பற்றி முறையிட்ட ஆசிரியரே கொப்பி திருத்திக்கொண்டிருப்பார். பிள்ளை நிலத்தைப் பார்த்து “ஒண்டுமில்லை சேர்” என்கிறான். மணி அடிக்கிறது. மறுகிழமை அதே மூலை, அதே பதில். மூன்றாவது கிழமை அவன் வருவதில்லை. கோப்பில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று இருக்கும்.

முதல் நாளில் எந்தப் பிள்ளையும் வாய் திறப்பதில்லை. 40 நிமிடப்படி மூன்று, நான்கு சந்திப்பு தேவை. எத்தனை மணிக்குப் படுத்தாய், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்குக் காசு கொடுக்க வேண்டும், மைக்கில் என்ன சொன்னான், வீட்டில் உன்னை யார் அடிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால் சிறுவர் உதவி எண்ணான 1929க்கு அறிவிக்க வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். இரவில் உளநல உதவி எண் 1926 இருக்கிறது. பக்கத்து மேசைக்குக் கேட்கும் இடத்தில் இதில் எது நடக்கும்?

போன் விடயத்துக்கு வருகிறோம். பல வீடுகளில் இருப்பது ஒரேயொரு போன். 2020இல் பாடம் வட்ஸ்அப்பில் வரும் என்று பாடசாலை சொன்னபோது கடன்பட்டு வாங்கியது. அதை அலுமாரியில் பூட்டினால், கூலி வேலைக்கு வரச்சொல்லும் அழைப்பு தாய்க்கு வராது. பூட்டுவதற்குப் பதிலாகப் பெற்றோருக்குச் செய்துகாட்டுங்கள். பிளே ஸ்டோரில் மேல் வலப்பக்கப் படத்தை அழுத்தி, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ் என்று போய், நான்கு இலக்கப் பின் இட்டு, வயதெல்லையைத் தெரிவுசெய்ய வேண்டும். பிழைபோகும் இடங்கள் மூன்று. ஏற்கெனவே இறக்கிய கேமை இது அகற்றாது. புளூடூத்தில் வரும் கேமையும் தடுக்காது. வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியைத் தனியே நிறுத்த வேண்டும். மூன்றாவது, தாய்க்குத் தெரியாதென்று பிள்ளையே பின்னைப் போட்டுக் கொடுத்துவிடுவான். அதனால்தான் பிள்ளை இல்லாத கூட்டத்தில், தாயின் கையாலேயே செய்விக்க வேண்டும்.

முழுத்தடை கேட்போர் தென்கொரியாவைப் பார்க்கலாம். 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை கணினியில் இணையக் கேம் விளையாடுவதை 2011இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிள்ளைகள் போனுக்கு மாறினார்கள். 2021இல் அச்சட்டத்தைக் கைவிட அரசே முடிவெடுத்தது.

கேம் மேல் இவ்வளவு கோபப்படும் நாம், பாடசாலைக்குப் பக்கத்துக் காணியில் கசிப்புச் சாராயம் விற்பதைப் பற்றி ஏன் ஓர் அறிவித்தல் வாசிப்பதில்லை? போதை மாத்திரையும் ஐஸ் போதைப்பொருளும் எந்த ஒழுங்கையில் கைமாறுகின்றன என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது, எங்களுக்கும் தெரிகிறது. உடல் தண்டனை கூடாதென்று 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியும் பிரம்பு இன்னும் வகுப்பில் இருக்கிறது. இன்று பதினைந்து வயதான பிள்ளை 2009க்குப் பிறகு பிறந்தவன். போரை அவன் பார்க்கவில்லை. ஆனால் அதைப் பார்த்த தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பதைப் பார்க்கிறான். அடிக்கக் கற்றுக்கொடுத்தது திரை மட்டும்தான் என்று அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஆளணிப் பற்றாக்குறையோடுதான் பாடசாலை நடத்துகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் புதிய நியமனம் கேட்கவில்லை, நிதி கேட்கவில்லை. இருக்கும் ஆசிரியருக்கு எட்டுப் பாடவேளை, இருக்கும் கட்டடத்தில் கதவுள்ள ஓர் அறை. அந்த எட்டுப் பாடவேளையில் அவரை வேறு வகுப்புக்கு அனுப்பக்கூடாது என்று அதிபருக்கு எழுத்தில் ஒரு வரி.

விடுகைப் பத்திரம் பெற்ற பிள்ளையை வேறு பாடசாலை எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. அந்த முடிவைத் திரும்பப் பரிசீலிக்குமாறும், அடுத்த தவணை நேரசூசி தயாராகுமுன் எங்களுக்குப் பதில் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வன்னிப் பாடசாலைகளின் கணினி, உளவளத்துணை ஆசிரியர்கள் சிலர்