கயிறு கோணவில்லை

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே மூன்று நாளாக வெயில் இல்லை. எதிர் மலையையே காணோம், அப்படி ஒரு பனிமூட்டம்.

போன கிழமை போனில் சொன்னாயே, உயர்தர வகுப்புப் பையன் ஒருவன் “அண்டவெளி வளைகிறது என்றால் எதற்குள்ளே வளைகிறது டீச்சர்?” என்று கேட்டானாம். கெட்டிக்காரப் பையன்தான். அன்றிலிருந்து எனக்கும் அதே யோசனை.

நான் வாத்தியாராவதற்கு முன்னால் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தது உனக்குத் தெரியும். அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், வாங்கிய கதையைச் சொன்னதில்லை. தேயிலைக் கன்று நட குச்சி அடிக்கும் வேலை. கவிழ்த்த கூடை மாதிரி ஓர் உருண்டை மேடு. அடியில் நாலடிக்கு ஒரு குச்சி அடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மேலே கயிற்றை இறுக்கிப் பிடித்து நேராகப் போனேன். பாதி மேடு ஏறுவதற்குள் நிரைகள் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. கயிற்றைக் கோணலாகப் பிடித்தேன் என்று கங்காணி அரைப் பேர்தான் போட்டார்.

சத்தியமாகக் கயிறு கோணவில்லை. மேடு அப்படி!

அன்றைக்கும் இதே பனிமூட்டம்தான். மேட்டின் உருவம் என் கண்ணுக்கே தெரியவில்லை, ஆனால் நிரை காட்டிக்கொடுத்தது. இன்னொரு வழியும் உண்டு. ஒரு முளை அடித்து, பத்தடிக் கயிற்றைக் கட்டி வட்டம் போட்டுப் பார். சமதரையில் சுற்றளவு 62 அடி 10 அங்குலம் வரும். உருண்டை மேட்டில் அதைவிடக் குறையும். இரண்டு மேட்டுக்கு நடுவே இருக்கும் கணவாயில் கூடும். மலையை விட்டு வெளியே போய் நின்று பார்க்கவே வேண்டாம். ஜெர்மனியில் ஹனோவர் நாட்டை அளந்து திரிந்த கணித மேதை கவுஸ் 1827இல் இதைக் கணிதமாகவே நிறுவினார். (அவருக்கு யாரும் அரைப் பேர் போட்டிருக்க மாட்டார்கள்.) ஆகவே அந்தப் பையனிடம் சொல்: எதற்குள்ளேயும் வளையத் தேவையில்லை. உள்ளே நின்று அளக்கிறபோது சமதரைக் கணக்கு பொய்த்துப்போகிறதே, அதற்குப் பெயர்தான் வளைவு.

அவருடைய மாணவர் ரீமான் 1854இல் அதை எத்தனை பரிமாணத்துக்கும் விரித்தார். 1915இல் ஐன்ஸ்டைன் காலத்தையும் சேர்த்துக்கொண்டு, வெளியும் காலமும் சேர்ந்து வளைவதைத்தான் நாம் பூமியின் இழுப்பு என்கிறோம் என்றார்.

படங்கை நாலு பேர் பிடிக்க, நடுவே கல்லைப் போட்டுக் காட்டுகிற படம் ஒன்று எல்லாப் புத்தகத்திலும் வரும். எனக்கு அது பிடிக்காது. கீழே பூமி இழுப்பதால்தானே படங்கு குழிகிறது? இழுப்பை விளக்க இழுப்பையே கடன் வாங்குகிறார்கள். போதாததற்கு, அந்தப் படத்தில் காலமே இல்லை.

காலத்தைச் சேர்த்துப் பார். ஒரு கல்லை 5 மீட்டர் உயரத்துக்கு எறிந்தால் இரண்டு செக்கனில் திரும்பி வரும். ஒளி ஒரு செக்கனில் ஓடுவது 3 லட்சம் கிலோமீட்டர். அந்தக் கோலால் காலத்தையும் அளந்தால், கல் போன பாதை 6 லட்சம் கிலோமீட்டர் நீளம். அதில் மேலெழுந்தது 5 மீட்டர். அந்த வளைவின் ஆரை ஏறக்குறைய ஓர் ஒளியாண்டு வருகிறது. மெதுவாக எறிந்தாலும் வேகமாக எறிந்தாலும் அதே ஆரைதான். ஐன்ஸ்டைன் கணக்குப்படி கல் நேராகத்தான் போகிறது. தரை நம்மைத் தள்ளிக்கொண்டிருப்பதால் நமக்கு அது வளைவாகத் தெரிகிறது. பக்கத்தில் பக்கத்தில் விழும் இரண்டு கற்களும் பூமியின் மையத்தை நோக்கி இம்மியளவு நெருங்கிக்கொண்டே வருகின்றன, என் நிரைகளைப் போல.

இதே கணக்குப்படி உயரத்தில் காலம் சற்று வேகமாக ஓடும். நம் வீடு கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் உன் அறைக் கடிகாரத்தைவிட இங்கே காலம் வருடத்துக்குச் சுமார் 4 மைக்ரோசெக்கன் முந்தி ஓடுகிறது. அம்மாவிடம் சொன்னேன். “அதுதானா எனக்கு இவ்வளவு சீக்கிரம் நரைச்சிருச்சு?” என்கிறாள்.

தவணை லீவுக்கு வந்தால் அந்த மேட்டுக்குப் போகலாம். கயிறு இஸ்தோப்பில் ஆணியில் தொங்குகிறது. குச்சி நான் சீவி வைக்கிறேன். அட்டை கடிக்கும், சவர்க்காரம் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா