நேம்சர்வரைத் திறந்து வைத்தது நீங்கள், பில் எங்களுக்கா? – புகார் கடிதம்

அனுப்புநர்:
கணினிப் பிரிவு,
வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனம்,
கரூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவை, சர்வர் வாடகைப் பிரிவு.

நாள்: 25.11.2024

பொருள்: பைண்ட் (நேம்சர்வர் மென்பொருள்) தவறாக அமைக்கப்பட்டதால் எங்கள் நேம்சர்வர்கள் முடங்கியது, கூடுதல் டேட்டா கட்டணம் ரூ.11,400-ஐ ரத்து செய்யக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2022 பிப்ரவரி முதல் உங்களிடம் இரண்டு விபிஎஸ் (மெய்நிகர்) சர்வர்களை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இரண்டும் எங்கள் டொமைனுக்கான (இணையப் பெயருக்கான) நேம்சர்வர்கள், அதாவது அந்தப் பெயரைக் கேட்பவர்களுக்கு அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்கள். உபுண்டு இயங்குதளமும் பைண்டும் போட்டுக் கொடுத்து, பாதுகாப்பையும் நீங்களே பார்த்துக்கொள்ளும் திட்டம் இது. அதற்காகவே மாதம் 900 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். ஒரு மாதம்கூட தாமதித்ததில்லை.

நவம்பர் 12, செவ்வாய் இரவு இரண்டு சர்வர்களையும் நிறுத்திவிட்டீர்கள். “உங்கள் சர்வர் பிறரைத் தாக்குகிறது” என்று மறுநாள் காலை ஒரு வரி மின்னஞ்சல் வந்தது, கூடவே பில்லும். வியாழன் மதியம்தான் திறந்துவிட்டீர்கள். அதுவரை எங்கள் டொமைன் எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. அனுப்பியவர்களின் மெயில் சர்வர்கள் மறுபடி மறுபடி முயன்றதால் பெரும்பாலான மெயில்கள் வியாழன் மாலைக்குள் வந்து சேர்ந்தன. ஆனால் புதன் மாலைக்குள் விலை கேட்டிருந்த வாடிக்கையாளரின் மெயிலும் அந்தக் கூட்டத்தில்தான் வந்தது. அந்த ஆர்டர் போய்விட்டது.

திறந்ததும் முதல் வேலையாக பைண்டின் கேள்விப் பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் வரிகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின. நிறுத்திப் படித்தால் எல்லாம் ஒரே வரி: ஒரே வெளிநாட்டு ஐபி முகவரி, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டொமைன், ‘எனி’ வகைக் கேள்வி, அதாவது அந்த டொமைன் பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும் கேட்பது. ஒரு நொடிக்குள் மட்டும் 400 வரிகளுக்கு மேல் எண்ணினேன்.

நேம்சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது என்னவென்று உடனே தெரியும். யாரோ ஒருவர் தன் முகவரியை மறைத்து, அடிவாங்க வேண்டியவரின் முகவரியைப் போட்டுக் கேள்வி அனுப்புகிறார். கேள்வி 70 பைட்கூட வராது. எங்கள் சர்வர் 3,000 பைட் வரை பதிலைத் தயாரித்து, கேட்கவே கேட்காத அந்த மனிதர் தலையில் கொட்டுகிறது. இந்தப் பெருக்கம் 28 முதல் 54 மடங்கு வரை போகும் என்று அமெரிக்க அரசின் சைபர் எச்சரிக்கை 2014-லேயே சொல்லியிருக்கிறது. 2013 மார்ச்சில் ஸ்பேம் மெயில்களை எதிர்க்கும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பைத் தாக்கியதும் இப்படித் திறந்து கிடந்த நேம்சர்வர்களை வைத்துத்தான். எங்கள் பெயரில் ஓடும் சர்வர் முகம் தெரியாத ஒருவரை இரவெல்லாம் அடித்திருக்கிறது. பில்லைவிட இதுதான் எனக்கு அதிக வருத்தம்.

சரி, இது எப்படி நடந்தது? எங்கள் நேம்சர்வர் எங்கள் டொமைனைப் பற்றிக் கேட்டால் பதில் சொன்னால் போதும். ஊரில் உள்ள எல்லா முகவரியையும் யாருக்காகவும் விசாரித்துச் சொல்லும் வேலை, அதாவது ரிகர்ஷன், அதற்குத் தேவையே இல்லை. பைண்டும் 2007 முதலே அந்த வசதியைத் தன் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும்தான் தருகிறது. உலகத்துக்கே திறந்துவிட வேண்டுமென்றால் யாராவது கையால் எழுத வேண்டும். எங்கள் சர்வரின் ஆப்ஷன்ஸ் கோப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது: ‘அலவ்-ரிகர்ஷன்’, அதற்கு நேராக ‘எனி’ (யாருக்கும்). அந்தக் கோப்பு கடைசியாக மாறிய தேதி 2021 ஆகஸ்ட். சர்வர் எங்கள் கைக்கு வந்தது 2022 பிப்ரவரி. நாங்கள் தொட்டதெல்லாம் ஜோன் கோப்பை (எங்கள் டொமைனின் பெயர், முகவரிப் பட்டியலை) மட்டுமே.

அதே ஆப்ஷன்ஸ் கோப்பில் ஜோன் டிரான்ஸ்ஃபரும், அதாவது அந்தப் பட்டியலை முழுதாக நகலெடுக்கும் வசதியும், எல்லோருக்கும் திறந்திருந்தது. என் வீட்டு இணைப்பிலிருந்து, நேம்சர்வரைக் கேள்வி கேட்கும் ‘டிக்’ கட்டளையை ஒரு வரி அடித்துப் பார்த்தேன். கணக்கு சர்வர், குடோன் கேமரா உட்பட எங்கள் டொமைனில் உள்ள 41 பெயர்களும் ஐபி முகவரியோடு அப்படியே இறங்கின. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நேம்சர்வர் வைப்பதே ஒன்று விழுந்தால் மற்றது பதில் சொல்வதற்காகத்தான். இரண்டும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2182 என்ற இணைய நடைமுறை ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. எங்கள் இரண்டு ஐபிகளிலும் கடைசி எண் மட்டும்தான் வேறு. நீங்கள் ஒரு பிளாக்கை (ஐபி முகவரித் தொகுப்பை) மூடியதும் இரண்டும் சேர்ந்தே போயின.

இப்போது ரிகர்ஷனை நிறுத்திவிட்டேன். ஜோன் டிரான்ஸ்ஃபரை டிசிக் சாவி (சர்வர்கள் ஒன்றையொன்று உறுதிசெய்யும் ரகசியச் சாவி) போட்டு இரண்டாவது சர்வருக்கு மட்டும் அனுமதித்து, ஒரே பதில் திரும்பத் திரும்பப் போகாதபடி ரேட் லிமிட்டும் வைத்திருக்கிறேன். ஒரு மணி நேர வேலைதான். மாதம் 900 ரூபாய் வாங்கும் நீங்கள் இரண்டே முக்கால் வருடத்தில் ஒரு தடவையாவது செய்திருக்கலாம்.

இது எங்கள் சர்வரில் மட்டும் இருந்த தவறா என்ற சந்தேகம் விடவில்லை. அதனால் நவம்பர் 18 அன்று உங்களிடமே புதிதாக ஒரு சர்வரை அதே திட்டத்தில் ஒரு மாதத்துக்கு எடுத்தேன். பொது ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துபோன அதே உபுண்டு 18.04, அதே பைண்ட் 9.11, அதே ‘எனி’ வரி. இன்றைக்கும் இதைத்தான் புது வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, ரூ.11,400 பில்லை ரத்து செய்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சர்வர்கள் முடங்கியிருந்த நாட்களின் வாடகையைத் திருப்பித் தர வேண்டும். இரண்டாவது நேம்சர்வரை வேறு டேட்டா சென்டருக்கு உங்கள் செலவில் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், புது சர்வர்களுக்கு நீங்கள் பயன்படுத்தும் அந்த டெம்ப்ளேட்டை (மாதிரி அமைப்பை) திருத்தி, அதிலிருந்து சர்வர் வாங்கிய ஒவ்வொருவருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்களில் பலர் ஆப்ஷன்ஸ் கோப்பைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்களை நம்பித்தான் விட்டிருப்பார்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். நான் புதிதாக எடுத்த சர்வர் டிசம்பர் 18 வரை இருக்கும். அதில் ஆப்ஷன்ஸ் கோப்பை மாற்றாமல், நேம்சர்வர் கேள்விகள் வரும் 53-ஆம் போர்ட்டை மட்டும் வெளியாருக்கு அடைத்து வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
கரூர்.