பூந்தொட்டிக்கு அடியில்

ஊட்டி,
ஜனவரி 18

வசு,

பொங்கல் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் இதைக் கேள்: போன வாரம் வீட்டைக் கொளுத்தப் பார்த்தேன்.

சிரிக்காதே. ஹாஸ்டல் ஸ்டவ் கதையை மறுபடி எடுக்காதே.

ஃபயர்பிளேஸ் உள்ள வீடு என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, அதில்தான் வந்தது வினை. ஞாயிறு ராத்திரி கற்பூர மரக் கட்டை போட்டுக் குளிர்காய்ந்தோம். செவ்வாய் காலையில் சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, பின்பக்க மரத் தாழ்வாரத்தில், அதுவும் விறகு அடுக்குக்குப் பக்கத்திலேயே வைத்தேன். என் அறிவைப் பார்! ராத்திரி 11 மணிக்கு ஒரே கருகல் நாற்றம். ஒயர்தான் எரிகிறது என்று மெயினை அணைத்துவிட்டு, இருட்டில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு அலைந்தோம். பின்கதவைத் திறந்தால், வாளியின் அடி உருகிப் பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது. பலகையில் தோசைக்கல் அகலத்துக்குக் கரி. காற்று அடிக்கும்போதெல்லாம் அதன் ஓரம் சிவந்து சிவந்து அடங்குகிறது. விறகுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

நீறு பூத்த நெருப்பு என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதி மார்க் வாங்கியவள் நான்!

மறுநாள் எதிர்வீட்டுத் தாத்தா வந்து பார்த்தார். சாம்பல்தான் கங்குக்குப் போர்வையாம். மேலே சில்லிட்டாலும் உள்ளே மூன்று நான்கு நாள் கனன்றுகொண்டே இருக்குமாம். இப்போது மூடியுள்ள தகர வாளி வாங்கிவிட்டேன். அள்ளியதும் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கிளறி, இறுக மூடி, முற்றத்துக் கல்லின் மேல் நான்கு நாள். “மூடித்தானே இருக்கிறது, சமையலறையில் வைக்கலாமா?” என்று கேட்டதுதான் தாமதம், மனிதர் கோபித்துக்கொண்டார். கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். கனலும் கங்கிலிருந்து வருவதும் அதே விஷவாயுதான் வசு. வாசனை கிடையாது. அன்றைக்கு அந்தக் கருகல் நாற்றமாவது எழுப்பியது. அதை நினைத்துத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அப்புறம், செடிக்கெல்லாம் சாம்பல் போடு என்ற உன் அம்மாவின் யோசனை. இங்கே மண் புளிப்பு மண், அதனால் காய்கறிப் பாத்திக்குக் கொஞ்சம் தூவலாம். உருளைக்கிழங்குக்கு வேண்டாம், தோல் சொறி பிடிக்கும். நீல ஹைட்ரேஞ்சியா பக்கம் போகவே கூடாது. புளிப்பு குறைந்தால் பூ ரோஸ் நிறமாகிவிடும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல், “எனக்கே பாடமா?” என்பார்கள். ஈரச் சாம்பலை வெறும் கையால் அள்ளி எனக்கு விரல் நுனியெல்லாம் எரிச்சல், அதையும் சொல்.

வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. கரிந்த இடத்தில் பெரிய பூந்தொட்டி ஒன்றை நகர்த்தி வைத்திருக்கிறோம். மே மாதம் வரும்போது அவர் எதிரில், “இதென்ன, நடைபாதையில் தொட்டி?” என்று உன் திருவாயைத் திறந்துவிடாதே.

உன்
கமலி