தாளில் எழுதிக் கொடுங்கள்: மன்ற நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் முன்னோர் கப்பலில் இங்கே வந்திறங்கிய நவம்பர் 16 நினைவு விழா மலர் போன வாரம் கைக்கு வந்தது. வழவழப்பான தாள், நல்ல அச்சு. அட்டையில் இருப்பது என் படைப்பு. உள்ளே புரட்டினால் ஒலிபெருக்கி போட்டவருக்கு நன்றி இருக்கிறது. பிரியாணி சமைத்தவருக்கும், நாற்காலி வாடகைக்குக் கொடுத்த கடைக்கும் நன்றி இருக்கிறது. அட்டைப் படம் யார் செய்தது என்று ஒரு வரி இல்லை. செயலாளர் அம்மாவிடம் போனில் கேட்டேன். "நம்ம டீச்சர் செஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியுமே" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை.

மன்றக் கூடத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன், படைப்புகள் செய்கிறேன், அதற்கு எழுத்தில் ஓர் ஆதாரமும் என்னிடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கூட்டங்களில் பேசியாகிவிட்டது, "பார்க்கலாம்மா" என்ற பதிலும் கேட்டாகிவிட்டது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். நான் செய்த வேலையை, செய்தேன் என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த ஊரில் பிறந்தவருக்கு அடையாள அட்டை ஒன்று போதும். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த என்னைப் போன்றவளுக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு சான்று வேண்டும். கடைசியாக இந்த நாட்டில் தங்குவதற்கான என் அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது கேட்டார்கள்: எங்கே வேலை செய்தீர்கள், எந்தத் தேதி முதல், என்ன சம்பளம், எந்தக் கண்காட்சியில் எந்தப் படைப்பு, பட்டியலில் பெயர் வந்த பக்கம் எங்கே? என்னிடம் இருந்தவை படங்கள் மட்டும். பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து நான் துணி ஒட்டும் படம், மேடைக்குப் பின்னால் என் படைப்பு தொங்கும் படம். "இதில் இருப்பது நீங்கள்தான், சரி. கடிதம் எங்கே?" என்றார் அந்த அலுவலர். கடிதம் இல்லை. சனிக்கிழமை வகுப்புக்கு நீங்கள் கொடுப்பது உறையில் ரொக்கம். உறையின் மேல் "ஆர்ட் டீச்சர்" என்று எழுதியிருக்கும். இத்தனை வருட உழைப்பும் அந்தப் படிவத்தில் வெற்றுக் கட்டங்களாகப் போனது. ஒரு கண்காட்சிக் கூடத்துக்கு விண்ணப்பித்தபோதும் இதே கதைதான். வேலையைப் பிடித்திருக்கிறது என்றார்கள், இதுவரை எங்கே காட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆயிரம் பேர் பார்த்த படைப்புக்கு ஒரு வரி ஆதாரம் என்னால் காட்ட முடியவில்லை.

அட்டையில் வந்த படைப்பைப் பற்றியாவது சொல்கிறேன், மலரில்தான் ஒன்றும் இல்லை. அது கலப்பு ஊடகம். எட்டடி அகலம். அடியில் மதுரைச் சுங்குடிப் புடவை. அதன்மேல் இந்த நாட்டின் ஷ்வேஷ்வே துணி. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளி ஒன்று, அச்சில் வந்த புள்ளி மற்றொன்று. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே தறியில் வந்தவை போல இருக்கும். புது ஷ்வேஷ்வே கஞ்சியால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அதை அலசிக் கஞ்சியைப் போக்காமல் ஒட்டினால் டர்பன் ஈரக்காற்றில் ஓரம் தூக்கிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். இதைப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். ஓரத்தில் ஓடும் பின்னல், வார்விக் சந்தையில் கூடை விற்கும் ஜூலு அம்மாவிடம் உட்கார்ந்து கற்ற டெலிபோன் கம்பிப் பின்னல். நடுவில் இருப்பவை பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த, முன்னோர் வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல் நகல்கள்.

அந்தப் பட்டியல்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதல், 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறக்குறைய 1,52,000 பேருக்கும் அதுபோல ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தவன் மரியாதைக்காக எழுதவில்லை, கணக்குக்காக எழுதினான். ஆனாலும் எழுதினான். இன்று உங்கள் ஆயா எந்த ஊர் என்று அந்த வரியில்தான் தேடுகிறீர்கள். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு அந்த நகலைத்தான் இணைக்கிறீர்கள். ஒரு தாள் இருந்ததால் ஊரைக் கண்டுபிடித்த குடும்பங்களின் மன்றம் இது. அதனிடம் ஒரு தாள் கேட்டு நான் இப்படி நிற்க வேண்டியிருக்கிறது.

பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காவடிக்கு வளைவு, கூழ் பூசைக்குக் கோலம், தீபாவளிக்கு மேடைத்துணி என்று எல்லாவற்றுக்கும் ஓவியக்காரர்களைக் கூப்பிடுகிறோம். பந்தல்காரர் பில் கொடுத்தால் அன்றே காசோலை. இந்தியாவிலிருந்து வரும் நடனக் குழுவுக்கு விமான டிக்கெட், ஓட்டல் அறை. உள்ளூரில் வரைகிறவளுக்கு மட்டும் "சேவை" என்று பெயர். பழைய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை மூடிப் பல வருடமாகிறது. பள்ளிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் நடனம், நாடகம், இசை, ஓவியம் நான்கில் இரண்டுதான் உண்டு. ஓவியம் விட்டுப்போன பிள்ளைகள் சனிக்கிழமை நம் கூடத்துக்கு வருகிறார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து, ஃபீனிக்ஸிலிருந்து, டாக்ஸி மாறி வருகிறார்கள். இதில் ஒரு பிள்ளையாவது நாளைக்கு ஓவியராக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்தப் பிள்ளையின் பெயரையும் இப்படித்தான் விட்டுவிடுவீர்களா? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மன்னியுங்கள், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பணம் கூட்டிக் கேட்கவில்லை. மன்றத்தின் மேல் மனக்கசப்பும் இல்லை. இந்தக் கூடத்தில்தான் எனக்கு ஊர் என்று ஒன்று கிடைத்தது. ஆனால் வேலையைத் தாளில் எழுதிக் கொடுங்கள் என்ற கோரிக்கையிலிருந்து நான் இறங்கி வரப்போவதில்லை.

மலரின் மீதிப் பிரதிகளில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டலாம்: படைப்பாளர் பெயர், ஊடகம், அளவு, ஆண்டு, உடன் உழைத்த மாணவர்களின் பெயர்கள். அப்புறம், நான் வகுப்பு எடுத்த காலம் முழுவதற்கும் மன்ற முத்திரையோடு ஒரு பணிச் சான்று. இனி எந்தப் படைப்பை எடுத்தாலும், எதற்கு, எத்தனை நாளுக்கு, சேதமானால் யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து. இந்த மூன்றையும் நானே தட்டச்சு செய்து அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். படித்துப் பார்த்து, தவறு இருந்தால் திருத்தி, அன்றே கையெழுத்திட்டுக் கொடுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். புதுப்பித்த அனுமதி முடியும் தேதி நெருங்குகிறது.

இப்படிக்கு,
உங்கள் சனிக்கிழமை வகுப்பின் ஓவிய ஆசிரியை,
டர்பன்