டெங்கு ஆய்வைத் தமிழில் போட அனுமதி தேவையில்லை

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கியதும் உங்கள் பத்திரிகையில் டெங்குச் செய்திகளும் தொடங்கிவிட்டன. 'ஆய்வொன்றில் தெரியவந்துள்ளது' என்ற வரி அவற்றில் அடிக்கடி வருகிறது. எந்த ஆய்வு, யார் செய்தது, எங்கே வாசிக்கலாம் என்பதுதான் வருவதில்லை.

நான் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன். டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன மாதம் மருமகள் கைத்தொலைபேசியில் ஒரு கட்டுரையை எடுத்துத் தந்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதி 2011 இல் வெளியானது. கரையோரத்தில் கைவிடப்பட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், எறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிச் சாமான்கள் ஆகியவற்றில் தேங்கிய உவர்நீரிலும் அந்த நுளம்பின் குடம்பிகள் (முட்டையிலிருந்து வரும் புழுக்கள்) இருந்தனவாம். ஆயிரத்துக்கு 15 பங்கு உப்பு வரை! கடல்நீரிலேயே ஏறத்தாழ 35 பங்குதான். யாழ் நகரில் அப்படியான இடங்களுக்குக் கிட்ட டெங்கு கூடுதலாக இருந்ததையும் கண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்கும் கரைக்கும் ஐந்து நிமிட நடை. பழைய வள்ளங்கள் அங்கே மழைநீர் ஏந்திக்கொண்டு கிடக்கின்றன. நான் வாளியையும் பூச்சாடியையும் மட்டும் கவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கட்டுரைக்கு ஒரு சதமும் கட்டவில்லை. அதை வெளியிட்டது பிளொஸ் என்ற இலாப நோக்கற்ற அமெரிக்க அமைப்பு. பற்றிக் பிறவுண், மைக்கேல் ஐசன், நோபல் பரிசு பெற்ற ஹரோல்ட் வார்மஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் தொடக்கியது. ஆய்வுகளை எல்லோருக்கும் திறந்துவிடாத சஞ்சிகைகளுக்கு இனி எழுதமாட்டோம் என்று முதலில் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலானோர் பிறகும் அதே சஞ்சிகைகளுக்குத்தான் எழுதினார்கள். (நம்மூர் மகஜர்கள் நினைவுக்கு வருகின்றன.) அதன் பிறகே 2003 இல் பிளொஸ்காரர் சொந்தமாகச் சஞ்சிகை தொடங்கினார்கள். வாசிப்பவரிடம் வாங்காத செலவை எழுதுபவரின் நிறுவனத்திடம் வாங்குகிறார்கள். வறிய நாடுகளுக்குச் சலுகை உண்டு என்றாலும் இந்த முறையில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அது வேறு கதை.

நான் எழுத வந்தது இதற்காக: பிளொஸ் கட்டுரைகள் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வருபவை. எழுதியவர்களின் பெயரையும் மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, இது மொழிபெயர்ப்பு என்றும் சொல்லிவிட்டால், யாரும் அவற்றைத் தமிழாக்கி அச்சிடலாம். அனுமதிக் கடிதம் வேண்டாம், காசும் வேண்டாம். இலவசம் என்று திறந்த கதவுக்குள்ளே ஆங்கிலம் என்ற இன்னொரு பூட்டு தொங்குகிறது. அதைத் திறக்க உங்களால் முடியும். ஞாயிறு இதழில் இராசிபலனுக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் கால்பக்கம் போதும்.

முதலாவதாக அந்த வள்ளம், கிணற்றுக் கட்டுரையையே போடலாம். தமிழாக்கத்தை நானே செய்து தருகிறேன், கூலி வேண்டாம். 'குடம்பி' என்று நான் எழுதுவதை உங்கள் மேசையில் 'லார்வா' என்று மாற்றாமல் விட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
குருநகர், யாழ்ப்பாணம்.