அருச்சுனன் காட்சியை வெட்டாதீர்கள்: பாரத விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போரில் வெற்றி வேண்டி அருச்சுனனின் மகன் அரவான் பலியாகும் களபலிக் கூத்தின் இரவன்று நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் நீங்கள். பாட்டுக் கச்சேரியும் பொன்னாடைகளும் முடிய இரவு 11 மணி ஆயிற்று. 12 மணிக்குள் முடிக்காவிட்டால் காவல் துறையிலிருந்து வந்துவிடுவார்கள் என்று சொல்லி, அருச்சுனனும் அரவானும் எதிரெதிரே நிற்கும் பகுதியை விட்டுவிட்டு நேரே பலிக்குப் போகுமாறு கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியாரிடம் உங்களில் ஒருவர் சொன்னார். அடுத்த ஆண்டிலிருந்து அந்தக் காட்சியை வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அருச்சுனன் வேடம் கட்டியிருந்த பெரியவர் பொழுது சாய்ந்ததிலிருந்து அரிதாரம் பூசி, கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்த புஜக்கட்டைகளையும் மார்ப்பதக்கத்தையும் இரண்டு பேர் பிடித்திழுத்து இறுக்கிக் கட்ட, கிரீடத்தோடு வேடம் கட்டும் பாசறையில் காத்திருந்தார். கட்டை கட்டியபின் சாயவும் முடியாது, வயிறாரச் சாப்பிடவும் முடியாது. கூத்து பார்க்கிற நமக்கு இது தெரியாததல்ல. அவருடைய காட்சி இல்லை என்பதைக்கூட யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் அடுத்த கட்டத்தை அறிவித்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. திரைக்குப் பின்னிருந்து பாடும் திரை விருத்தம் பாடாமல், ஓர் ஆட்ட அடவும் வைக்காமல், கட்டிய கட்டைகளை அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பேசிய பணத்தில் நீங்கள் எதையும் குறைக்கவில்லை என்று அறிகிறேன். அந்த வயதில் அந்தப் பாரத்தைச் சுமந்து உட்கார்ந்தவர் பணத்துக்காக மட்டும் உட்கார்ந்தார் என்று நீங்கள் நினைத்தால், அதைவிடப் பெரிய அவமதிப்பு அவருக்கு வேறில்லை.

வெட்டப்பட்டது என்ன என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள். அருச்சுனன் தீர்த்த யாத்திரை போன வழியில் நாக கன்னியை மணந்தான், பிள்ளையைக் கொடுத்தான், புறப்பட்டுவிட்டான். அரவான் தாய்வீட்டில் வளர்ந்தவன். வியாச பாரதத்தின் பீஷ்ம பருவத்தில், அருச்சுனன் இந்திரலோகத்தில் இருப்பதை அறிந்து அந்தப் பிள்ளையே தேடிப் போய், நான் உன் மகன் என்று தன்னை அறிவித்துக்கொள்கிறான். தகப்பன் மகிழ்ந்து அணைத்துக்கொள்கிறான். அணைத்த கையோடு, போர் வரும்போது எங்களுக்குத் துணையாக வர வேண்டும் என்று கேட்கிறான். வளர்க்காத மகனிடம் தகப்பன் முதன்முதலில் கேட்டது அதுதான். அபிமன்யு மாண்டபோது மறுநாள் சூரியன் சாய்வதற்குள் சயத்திரதனைக் கொல்வேன் என்று சபதம் செய்த அதே அருச்சுனன், அரவானுக்காக அழுதானே தவிரச் சபதம் எதுவும் செய்யவில்லை.

தமிழ்நாட்டுக் களபலிக் கதை இந்தப் புண்ணைத்தான் விரித்துக் காட்டுகிறது. பலிக்குத் தகுதியாக முப்பத்திரண்டு லட்சணங்களும் பொருந்தியவர்கள் கண்ணன், அருச்சுனன், அரவான் என்று சொல்லப்படும்போது, கண்ணன் இல்லாமல் போர் இல்லை, அருச்சுனன் இல்லாமல் வெற்றி இல்லை, ஆகவே மிஞ்சுகிறவன் அரவான் என்று கணக்கு முடிகிறது. அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு தகப்பன் வாய் திறக்காமல் நிற்பதும், மகன் அவன் முகத்தைப் பார்ப்பதும் இந்த ஜமா ஆடும் களபலியின் உயிர். அந்த இடத்தில் ஆர்மோனியமும் முகவீணை என்னும் சிறு குழலும் ஓய்ந்து, மிருதங்கம் மட்டும் மெல்லக் கேட்கும். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு தலை விழும் காட்சி மட்டுமே. தாய் நாக கன்னியின் புலம்பல்கூட யாரை நோக்கியது என்று பிள்ளைகளுக்கு விளங்காமல் போகிறது.

வேலூர்ப் பக்கத்து ஊர்களில் இது வெறும் புராணமாக இருந்ததில்லை. ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். விடுமுறைக்கு வந்து போகும் தகப்பனை யாரோ ஒருவர்போல் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், தகப்பன் சொன்ன ஒரே சொல்லுக்காகத் தாமும் அதே வேலைக்குப் போயிருக்கிறார்கள். என் தகப்பனாரும் அப்படி வந்து போனவர்தான். அவரிடம் நான் கேட்க முடியாததை ஆண்டுக்கு ஓர் இரவு அரவான் கேட்பான்; அதை அவரும் எனக்குப் பக்கத்தில் பாயில் அமர்ந்து கேட்பார். எங்கள் வீட்டில் அதற்குமேல் எந்தப் பேச்சும் நடந்ததில்லை, ஆனால் அது நடந்தது.

சட்டத்தை நான் மறுக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன; விழா நாட்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடிய ஆடிய கூத்து இனி அப்படியே திரும்பாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இருக்கிற நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை விதி சொல்லவில்லை, நீங்கள்தாம் முடிவு செய்கிறீர்கள். சினிமாப் பாட்டுக்கும் மாலை மரியாதைக்கும் மாலை முழுவதும் கிடைத்தது. பாரதத்துக்காக எடுக்கும் விழாவில் பாரதத்துக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். செய்யாறு பக்கத்துப் புரிசை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இக்கலையைக் காத்துவரும் பழைய வட ஆர்க்காட்டு மண்ணில், கூத்தை இடைவெளி நிரப்பும் நிகழ்ச்சியாக்கிவிட்டு, இளைஞர்கள் கூத்து பார்ப்பதில்லை என்று மேடையில் வருந்துவது நியாயமாகப் படவில்லை. பதாகையில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடுகிறது, அரவானின் நேரம் குறைகிறது.

கோபத்தில் சில சொற்கள் கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். விழாவுக்காக வீடு வீடாகச் சென்று வரி வசூலித்து, வெயிலில் நின்று பந்தல் போடுகிறவர்களும் நீங்கள்தாம் என்பதை மறக்கவில்லை. என் வேண்டுகோள் சிறியது. களபலி நாளன்று பாட்டுக் கச்சேரியை வேறு நாளுக்கு மாற்றுங்கள். கூத்தை மாலை 7 மணிக்கே தொடங்க விடுங்கள். அருச்சுனன் காட்சியை வெட்டாதீர்கள். ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும் நாளிலேயே இதை வாத்தியாரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஆண்டு காத்திருந்த அந்தப் பெரியவரையும், அவருக்கு உடல் இடம் கொடுத்தால், அதே வேடத்துக்கு மீண்டும் அழையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, முடிவைக் கோயில் பலகையில் எழுதிப் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோயில் தெருவில் பாரதம் கேட்டு வளர்ந்த ஒரு பெண்